வீட்டு வாசல்ல வண்டிய விட்டு எறங்க முடியாத நாளும், அதுக்கப்புறம் எழுதின நோட்டும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில ஒரு கொலுசுப் பட்டறையில கணக்கு எழுதுறேன், பதினேழு வருஷமா அதே வேலை. காலையில ஆளுங்களுக்கு வெள்ளிய எடை போட்டுக் குடுக்கணும், சாயங்காலம் அத கொலுசா வாங்கித் திரும்ப எடை போடணும், போனது எவ்வளவு வந்தது எவ்வளவு சேதாரம் எவ்வளவுன்னு சீட்டுல எழுதிப் பேரேட்டுல ஏத்தணும். நாள் பூரா கையில பேனாவோட இருக்குற ஆளுதான் நான், ஆனா என்னப் பத்தி ஒரு வரி எழுதினது கெடையாது, 2023 வரைக்கும்.

அந்த வருஷம் எனக்கு என்ன ஆச்சுன்னா, ராத்திரி எட்டு மணிக்கு வேலை முடிஞ்சு அம்மாபேட்டை வீட்டுக்கு வருவேன், வண்டிய வாசல்ல நிறுத்துவேன், சாவியத் திருப்பி ஆஃப் பண்ணுவேன், ஆனா எறங்க மாட்டேன். ஹேண்டில்பார்ல கைய வச்சுகிட்டு அப்படியே உக்காந்திருப்பேன். உள்ள குக்கர் விசில் கேக்கும், பொண்ணு சத்தமாப் படிக்கிறது கேக்கும், எல்லாம் என் வீட்டுச் சத்தம்தான், ஆனா எறங்கி மூணு படி ஏறுறதுக்கு ஒடம்புல தெம்பு இல்லாத மாதிரி இருக்கும். பத்து நிமிஷம், சில நாள் இருவது நிமிஷம். பக்கத்து வீட்டுக்காரர் பாத்துட்டாருன்னா போன எடுத்து பேசுற மாதிரி காதுல வச்சுக்குவேன்.

அழுகை எல்லாம் வரல. அதனாலயே இது மனசு சம்பந்தப்பட்டதுன்னு எனக்குத் தெரியல. சாப்பாட்டுல ருசி இல்ல, ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்தா அதோட சரி, பொண்ணு பேனாவத் தொலைச்சுட்டான்னு சொன்னதுக்கு அப்படிக் கத்துனேன், அவ மொகத்த இப்ப நெனச்சாலும் எனக்குக் கஷ்டமா இருக்கு. சுகர் வந்துருச்சோன்னு ரத்தம் குடுத்துப் பாத்தோம், இல்ல. தைராய்டு பாத்தோம், அதுவும் இல்ல. கடைசியில வீட்ல அவங்கதான், "ஏங்க, ஒடம்புல ஒண்ணும் இல்லன்னு ஆயிப்போச்சு, மனசுக்குப் பாக்குற டாக்டர்கிட்ட ஒரு தடவ போயிட்டு வந்துருவோம்"னு சொல்லி கூடவே வந்தாங்க. டாக்டர் கேட்ட மொதக் கேள்வியே எத்தன வாரமா இப்படி இருக்குன்னுதான். ரெண்டு வாரத்துக்கு மேல, பெரும்பாலான நாள் மனசு கனமாவோ எதுலயும் நாட்டம் இல்லாமலோ இருந்தா அத சும்மா விடக்கூடாதுன்னு சொன்னாரு. உயிரோட இருக்க வேணாம்னு தோணுதான்னு நேரடியாவே கேட்டாரு. எனக்கு அது இல்ல. லேசான அளவுலதான் இருக்கு, மொதல்ல கவுன்சிலிங் பாப்போம், கொறயலன்னா மாத்திரை பாப்போம்னு அனுப்புனாரு. மாத்திரை தேவப்படுறவங்க தயங்காம சாப்பிடணும், நான் எழுதி சரியானேன்னு படிச்சுட்டு யாரும் மாத்திரைய நிறுத்திடாதீங்க, இத கெஞ்சிக் கேட்டுக்கிறேன்.

கவுன்சிலிங் மேடம் மொத நாள் எல்லாத்தையும் கேட்டுட்டு, "மனசுல இருக்கறத எழுதிப் பாருங்க சார்"னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க, எப்படின்னு நானும் கேக்கல. நேரா கடைக்குப் போயி பெரிய சைஸ் நோட்டு ஒண்ணு வாங்கினேன், எல்லாரும் தூங்கினப்புறம் பதினோரு மணிக்கு ஆரம்பிச்சா பன்னெண்டரை வரைக்கும் எழுதுவேன், அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்ப யாரு வந்தாங்க யாரு வரல, காரியத்தன்னைக்கு யாரு என்ன சொன்னாங்க, தம்பி ஏன் அப்படிப் பண்ணான், ஓனரு ஏன் இப்பெல்லாம் மொகம் குடுத்துப் பேசுறதில்ல, இதேதான் தெனமும். ஒம்போது நாள் எழுதினேன். ஒவ்வொரு நாளும் எழுதி முடிச்சப்ப நெஞ்சு இன்னும் கனமாத்தான் ஆச்சு, தூக்கம் இன்னும் மோசமா போச்சு.

அடுத்த வாரம் நோட்ட எடுத்துட்டுப் போனேன். மேடம் படிக்கல, என்னையே பொரட்டிப் பாக்கச் சொன்னாங்க. கணக்குப் பாத்தே பழகுன கண்ணு இல்லையா, ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சுருச்சு, "யாருக்கும் என்னப் பத்திக் கவல இல்ல"ங்கற வரி பதினாலு எடத்துல இருக்கு. ஒம்போது நாள்ல ஒரு புது விஷயம் கூட நான் எழுதல. மாடு அசை போடுற மாதிரி அதையே திரும்பத் திரும்ப வாய்க்குக் கொண்டாந்து மென்னுகிட்டு இருந்திருக்கேன். இதப் பத்தி அமெரிக்காவுல சூசன் நோலன் ஹோக்சிமான்னு ஒரு உளவியல் பேராசிரியர் பல வருஷம் ஆராய்ச்சி பண்ணிருக்காங்க, சோகத்த இப்படிச் சுத்திச் சுத்தி யோசிக்கிறவங்களுக்கு மனச்சோர்வு நீண்டுகிட்டே போகுதுன்னு அவங்க காட்டிருக்காங்க. மனசுல இருக்கறத எல்லாம் கொட்டினா பாரம் கொறஞ்சுரும்னு நாம சாதாரணமா சொல்றோம்ல, அது பாதிதான் உண்மை. கொட்டுனத அங்கயே நின்னு கெளறிகிட்டு இருந்தா கொறயாது. எப்படி எழுதுறோம், எவ்வளவு நேரம், எப்ப நிறுத்துறோம், இதுலதான் எல்லாமே இருக்குன்னு எனக்கு அந்த நோட்டுதான் சொல்லிக் குடுத்துச்சு.

அதுக்கப்புறம் மேடம் சொன்னது ஒரு அளவு உள்ள முறை. ஜேம்ஸ் பென்னிபேக்கர்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் 1986ல காலேஜ் பசங்கள வச்சு செஞ்சு பாத்தது. தொடர்ந்து நாலு நாள், நாளுக்கு பதினஞ்சு நிமிஷம், வாழ்க்கையிலயே ரொம்ப பாதிச்ச விஷயத்தப் பத்தி, என்ன நடந்துச்சுங்கறதையும் அப்ப மனசு எப்படி இருந்துச்சுங்கறதையும் சேத்து எழுதணும். எழுத்துப்பிழை பாக்க வேணாம், யாருக்கும் காட்ட வேணாம், நாலாவது நாளோட நிறுத்திரணும். அப்படி எழுதின பசங்களுக்கு அன்னன்னைக்கு எழுதி முடிச்சதும் மனசு கஷ்டமாத்தான் இருந்திருக்கு, ஆனா அடுத்து வந்த மாசங்கள்ல அவங்க காலேஜ் டாக்டர்கிட்ட போனது கொறஞ்சிருக்கு. அதுக்கப்புறம் உலகம் பூரா நெறய பேரு இத செஞ்சு பாத்துட்டாங்க, 2006ல 146 ஆய்வுகள ஒண்ணாச் சேத்துப் பாத்தப்ப பலன் இருக்கு, ஆனா சராசரியாப் பாத்தா சின்ன அளவுதான்னு தெரிஞ்சுது. மந்திரம் மாதிரி எதிர்பாக்காதீங்கன்னு மேடமே சொல்லித்தான் அனுப்புனாங்க. எனக்கு அந்தச் சின்ன அளவே பெருசாப் பட்டுச்சு.

வீட்ல எழுதல. பட்டறையில ஆறரைக்கு ஆளுங்க எல்லாம் எடை போட்டுட்டுப் போனப்புறம், தராசு மேசையிலயே உக்காந்து, போன்ல பதினஞ்சு நிமிஷத்துக்கு அலாரம் வச்சு எழுதினேன். ராத்திரி வேணாம்னு மேடம் சொல்லிருந்தாங்க, எழுதி முடிச்சதும் ஒரு அரை மணி நேரம் ஏதாவது கைவேலையோ நடையோ வேணும், நேரா படுக்கைக்குப் போகக்கூடாதுன்னு. மொத ரெண்டு நாள் பழைய பாட்டுதான். அம்மா, ஆஸ்பத்திரி, தம்பி. மூணாவது நாள் எப்படி வந்துச்சுன்னு தெரியல, "மூணு மணிக்கு போன் வந்துச்சு, நான் எடுக்கல"ன்னு எழுதிட்டேன்.

2022 ஆடி மாசம், கோட்டை மாரியம்மன் பண்டிகை நடந்துகிட்டு இருந்த சமயம், ஊர் பூரா மேளமும் மைக் செட்டுமா இருந்துச்சு. பண்டிகை நாளுக்கு முன்னாடி எல்லா ஆளுங்களுக்கும் கூலி பைசல் பண்ணணும்னு நான் தலை நிமிராம கணக்குப் பாத்துகிட்டு இருந்தேன். அம்மாகிட்ட இருந்து ரெண்டு தடவ போன் வந்துச்சு. பாத்தேன். சத்தம் கேக்காமப் போயிருந்தா கூட பரவால்ல, நான் பாத்தேன், இத முடிச்சுட்டுக் கூப்பிடலாம்னு கவுத்து வச்சேன். அஞ்சு மணிக்கு பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டாங்க. அதுக்கப்புறம் ஆஸ்பத்திரி, ஆறு நாள், அவ்வளவுதான்.

ஒரு வருஷமா இத நான் யாருகிட்டயும் சொன்னதில்ல, எனக்கு நானே கூட வார்த்தையா சொல்லிப் பாத்ததில்ல. ஒம்போது நாள் ராத்திரி முழுக்க தம்பியத் திட்டி எழுதினேனே, அதுல ஒரு எடத்துல கூட இந்த போன் வரல. நாலாவது நாள் எழுதினப்ப எழுத்தே வேற மாதிரி இருந்துச்சு, "அதனாலதான்", "இப்பப் புரியுது", "அதுக்குக் காரணம்" இந்த மாதிரி வார்த்தைங்களா வந்துச்சு. பென்னிபேக்கர் இதையும் கவனிச்சிருக்காரு, நாள் போகப்போக இந்த மாதிரி காரணம் சொல்ற வார்த்தையும் புரிஞ்சதச் சொல்ற வார்த்தையும் யாரு எழுத்துல கூடுதோ அவங்களுக்குத்தான் கூடுதலா பலன் தெரிஞ்சுதுன்னு. அன்னைக்கு அலாரம் அடிச்சதும் நோட்ட மூடிட்டு வண்டியத் தள்ளிகிட்டே நடந்தேன், பழைய பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்திருப்பேன். வழியில தள்ளுவண்டியில ஒரு தட்டுவடை செட்டு வாங்கினேன், ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல பீட்ரூட்டு கேரட்டு துருவல், காரச் சட்னி, புளிப்பும் காரமும் நாக்குல ஏறுச்சு, ரொம்ப நாளைக்கப்புறம் ஒண்ணு ருசியா இருந்துச்சு.

மறுவாரம் தம்பிக்கு போன் பண்ணேன், அவன் ஓசூர்ல இருக்கான். திட்டுறதுக்கு இல்ல, இந்த விஷயத்தச் சொல்றதுக்கு. அவன் கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம், "அண்ணா, அம்மா மொத நாளு ராத்திரியே எனக்குப் பேசுனாங்கண்ணா, தல சுத்துதுன்னு சொன்னாங்க, மாத்திரை போட்டுத் தூங்கும்மான்னு சொல்லிட்டேன்"னான். அதுக்காகத்தான் அவன் காரியம் முடிஞ்சும் எங்க யாரு மொகத்தையும் பாக்க முடியாம ஓடிருக்கான், நான் அத திமிருன்னு எழுதி வச்சிருக்கேன், பக்கம் பக்கமா.

இந்த நாலு நாள் முறைய எல்லா விஷயத்துக்கும் எடுக்காதீங்க. ரொம்ப சமீபத்துல நடந்த சாவு, விபத்து, பயங்கரமான அனுபவம், அதத் தொட்டாலே ஒடம்பு நடுங்குதுன்னா தனியா உக்காந்து எழுத வேணாம், கூட ஒரு டாக்டரோ கவுன்சிலரோ இருக்கணும். எழுதிகிட்டு இருக்கறப்ப தாங்க முடியலன்னா அந்த எடத்துலயே பேனாவ வச்சுட்டு வேற விஷயத்துக்குப் போயிரலாம், முடிச்சே ஆகணும்னு கட்டாயம் ஒண்ணும் இல்ல.

அடுத்து நான் கத்துகிட்டது தினசரி வேலைக்கு ஆகுறது, இதுதான் என்ன வண்டிய விட்டு எறங்க வச்சுதுன்னு சொல்லுவேன். ஒரு பக்கத்த மூணா மடிச்சுக்கணும். மொதல்ல நடந்தது, ரெண்டாவது மனசு சொன்னது, மூணாவது வேற என்னவா இருக்கலாம். பிலடெல்பியாவுல ஆரோன் பெக்னு ஒரு டாக்டர் 1960கள்ல மனச்சோர்வு உள்ளவங்ககிட்ட பேசிப்பேசிக் கண்டுபிடிச்சது, ஒரு விஷயம் நடந்த ஒடனே நமக்கே தெரியாம மனசு ஒரு வாக்கியம் சொல்லிருது, நம்ம வருத்தம் நடந்த விஷயத்தால வர்றதவிட அந்த வாக்கியத்தால வர்றதுதான் நெறயன்னு. அந்த வாக்கியத்தப் புடிச்சுப் பேப்பர்ல வைக்கிறதுதான் வேலை.

ஒரு உதாரணம் என் நோட்டுல இருந்தே தர்றேன். கொலுசுத் துண்டுங்களப் பத்த வச்சு ஒட்டுற அண்ணன் ஒருத்தர் கணக்குல ஒரு நாள் பதினாலு கிராம் கொறஞ்சுது, வழக்கமான சேதாரம் போக. ஓனரு சீட்டப் பாத்துட்டு "சரி, வையிங்க, நாளைக்கு நான் பாத்துக்கறேன்"னு சொல்லிட்டுப் போயிட்டாரு. நடந்தது அவ்வளவுதான், ஒரே வரி. ரெண்டாவது பத்தியில நான் எழுதினது, "என் மேல நம்பிக்க போயிருச்சு, இத்தன வருஷம் வேலை செஞ்சும் என்ன சந்தேகப்படுறாரு, வேற ஆளப் பாக்கப்போறாரு." கை தன்னால எழுதுது. மூணாவது பத்திக்கு வந்தப்ப பேனா நகரவே இல்ல. பத்து நிமிஷம் யோசிச்சு ரெண்டு எழுதினேன், "அவருக்கு அன்னைக்கு அவசரமா வெளிய போக வேண்டியிருந்திருக்கலாம்", "எடை போட்டதுல தப்பு இருக்கலாம்." மறுநாள் பாத்தா, காலையில வெள்ளி குடுத்தப்ப டப்பாவோட எடைய கழிக்காம எழுதிருக்கு, பதினாலு கிராம் அந்த டப்பாதான். ஓனரு அதப் பாத்து சிரிச்சுட்டு டீ வாங்கிட்டு வரச் சொன்னாரு.

எல்லா தடவையும் இப்படி நல்லபடியா முடியாது, மனசு சொன்னதே சரியா இருக்குற நாளும் உண்டு. ஆனா எடை போடுறவன் எவனும் டப்பாவோட சேத்து வெள்ளி எடைன்னு எழுத மாட்டான், தெரிஞ்சா. நடந்தத ஒரு பக்கம், மனசு சேத்தத ஒரு பக்கம்னு பிரிச்சு எழுதினப்பதான் எவ்வளவு நான் சேத்திருக்கேன்னு எனக்குத் தெரிஞ்சுது. மொதப் பத்தி எழுதறப்ப ஒரு விதி வச்சுக்கோங்க, கேமரா புடிச்சா என்ன தெரியுமோ, ரெக்கார்டு பண்ணா என்ன கேக்குமோ அது மட்டும்தான் அங்க இருக்கணும். "மொகத்தத் தூக்கி வச்சுகிட்டா" கூடாது, "நான் கேட்டதுக்கு பதில் சொல்லல, ரூமுக்குப் போயிட்டா" சரி. பழகறதுக்கு எனக்கு மூணு வாரம் ஆச்சு.

நல்லது மூணு எழுதுற பழக்கம் நெறய பேருக்குத் தெரிஞ்சிருக்கும். மார்ட்டின் செலிக்மேன்னு ஒரு உளவியல் பேராசிரியரும் கூட இருந்தவங்களும் 2005ல வெளியிட்டது, ஒரு வாரம் தெனமும் ராத்திரி அன்னைக்கு நல்லபடியா நடந்த மூணு விஷயத்த எழுதணும், ஒவ்வொண்ணும் ஏன் நடந்துச்சுன்னும் எழுதணும், அப்படிப் பண்ணவங்களுக்கு ஆறு மாசம் கழிச்சும் மனசு கொஞ்சம் தெளிவாவே இருந்திருக்கு. இதுல எல்லாரும் மூணு விஷயத்த எழுதிட்டு அந்த "ஏன்"ங்கறத விட்டுடுறோம், நானும் விட்டேன். "பொண்ணு சிரிச்சா, ரசம் நல்லா இருந்துச்சு, மழை பேஞ்சுது", நாலு நாள்ல இது ஓடாத கடிகாரம் மாதிரி ஆயிருச்சு. அப்புறம் காரணத்த எழுத ஆரம்பிச்சேன். "பொண்ணு எங்கூட கணக்குப் போட உக்காந்தா. ஏன்? நேத்து அவகிட்ட கத்துனதுக்கு மன்னிப்பு கேட்டேன், அதனால." இத எழுதினப்ப எனக்குத் தொண்டைய அடைச்சுது. ஒண்ணுக்கும் ஒதவாதவன்னு நெனச்சுகிட்டு இருக்குற ஆளுக்கு, ஒரு நல்ல விஷயம் தன்னாலயும் நடந்திருக்குன்னு தன் கையெழுத்துல பாக்குறது சாதாரண விஷயம் இல்லீங்க. ஒரு மாசத்துல இது பழகிப்போயி சலிப்பு தட்டுச்சு, அதனால இப்ப வாரத்துக்கு ஒரு தடவ, வெள்ளிக்கெழம மட்டும் எழுதுறேன், அதுதான் எனக்கு சரியா இருக்கு.

இப்ப மச்சானப் பத்திச் சொல்லணும். வீட்ல அவங்களோட அண்ணன், ஏற்காட்டுல ஒரு காபி எஸ்டேட்டுல மேஸ்திரியா இருக்காரு. அதுக்கடுத்த மார்ச்சு கடைசியில ரெண்டு நாள் வந்து இருன்னு கூப்பிட்டாரு, அடிவாரம் தாண்டி அந்த இருவது கொண்டை ஊசி வளைவும் ஏறுறதுக்குள்ள ஜன்னல் காத்து மாறும் பாருங்க, அதுவே ஒரு தனி மருந்துதான். அவரு வீட்டு அலமாரியில வரிசையா டைரி இருக்கு, வருஷத்துக்கு ஒண்ணு. தெனமும் ரெண்டே வரி. எவ்வளவு மழை, எத்தன ஆளு வேலைக்கு வந்தாங்க, என்ன வேலை நடந்துச்சு. எதுக்கு மச்சான் இதெல்லாம்னு கேட்டேன். "மாப்ள, இந்த மழை பேஞ்சா எட்டு பத்து நாள்ல காபி பூத்துரும், பூ மூணு நாலு நாளுதான் நிக்கும். என்னைக்கு மழை பேஞ்சுதுன்னு எழுதி வைக்கலன்னா, நான் வருஷா வருஷம் பூக்கலையே பூக்கலையேன்னு சும்மா கவலப்பட்டுகிட்டு இருப்பேன்"னாரு. அவரு அதச் சொன்னப்ப தோட்டம் பூரா வெள்ளையா பூத்து நின்னுது, சில்வர் ஓக் மரத்துக்கு அடியில கெளைக்குக் கெளை பூ ஒட்டிகிட்டு, மல்லி மாதிரி ஒரு வாசம் வீட்டுக்குள்ள வரைக்கும் வந்துச்சு.

கீழ வந்து நானும் ரெண்டு வரி ஆரம்பிச்சேன், ஆனா மழைக்குப் பதிலா மனசு. காலை, மதியம், சாயங்காலம், ராத்திரி, ஒவ்வொரு வேளைக்கும் என்ன பண்ணேன்னு நாலு வார்த்த, பக்கத்துல மனசு எப்படி இருக்குன்னு பூஜ்யத்துல இருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர். டாக்டருங்க இதையும் ஒரு முறையாவே வச்சிருக்காங்க, எந்த வேலை செய்யறப்ப மனசு ஏறுது எறங்குதுன்னு பாத்து, ஏத்துற வேலைய முன்கூட்டியே நேரம் போட்டு வைக்கிறது, செய்யணும்னு தோணுற வரைக்கும் காத்திருக்காம. மனச்சோர்வுல மனசு வந்தா செய்யலாம்னு உக்காந்தா மனசு வரவே வராது, செய்ய ஆரம்பிச்சப்புறம்தான் அது பின்னாடியே வரும்.

மூணு வாரம் எழுதிட்டுக் கூட்டிப் பாத்தேன். நான் என்னமோ பட்டறைதான் என்னக் கொல்லுதுன்னு நெனச்சுகிட்டு இருந்தேன். நம்பர் வேற சொல்லுது. பட்டறையில அஞ்சு, ஆறு. ஞாயித்துக்கெழம மதியம் சாப்பிட்டுப் படுத்துகிட்டே போனப் பாக்குற மூணு மணியில இருந்து ஆறு மணி வரைக்கும் ரெண்டு, ரெண்டு, ஒண்ணு. மூணு வாரமும் அப்படியே. மூணு மணின்னா அம்மா கூப்பிட்ட நேரமும் அதுதான், அது காரணமா, இல்ல சும்மா கெடந்ததுதான் காரணமான்னு எனக்குப் பிரிக்கத் தெரியல. எதுவா இருந்தா என்ன, அந்த மூணு மணி நேரத்துக்கு வேலை போட்டேன். சாப்பிட்டுப் பாத்திரம் கழுவுறது என் வேலை, அப்புறம் பொண்ணையும் கூட்டிகிட்டு கன்னங்குறிச்சி மூக்கனேரிக்குப் போயிருவோம், கரையில நடப்போம், ஏரிக்கு நடுவுல இருக்குற மண் திட்டுங்கள்ல மரம் வளந்திருக்கு, சாயங்காலம் ஆனா பறவைங்க வந்து அடையும், அவ எண்ணுவா. மொத ஞாயிறு நம்பர் மூணு. ஒரே நாள்ல ஏழு ஆகல. ஆனா ஒண்ணு இல்ல.

ராத்திரி ரெண்டு மணி முழிப்புக்கு இன்னொண்ணு செஞ்சேன். படுக்கறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம், நாளைக்கு செய்ய வேண்டியதெல்லாம் எழுதறது, விளக்கமா. அமெரிக்காவுல பெய்லர் பல்கலைக்கழகத்துல 2018ல 57 பேர வச்சுப் பாத்திருக்காங்க, செஞ்சு முடிச்சத எழுதினவங்கள விட செய்ய வேண்டியத எழுதினவங்க சுமாரா ஒம்போது நிமிஷம் சீக்கிரமாத் தூங்கிருக்காங்க. ராத்திரியில வருத்தத்த எழுதாதீங்க, நாளைய வேலைய எழுதுங்க. "கேஸ் சிலிண்டர் சொல்லணும், பொண்ணு ஃபீஸ், சிவதாபுரம் ஆளுக்கு பாக்கி 2,400"னு எழுதிட்டுப் படுத்தா, தலைக்குள்ள அது சுத்துறது கொறயுது. முழிப்பு வர்றது எனக்கு முழுசா நிக்கல, ஆனா முழிச்சாலும் திரும்பத் தூங்க முடியுது.

மனசு ரொம்பத் திட்டுற நாள்ல மட்டும் செய்யற ஒண்ணு இருக்கு, அத சுருக்கமா சொல்லிடுறேன். என் பேரப் போட்டு, வேற ஒருத்தருக்கு எழுதற மாதிரி எழுதறது. "இவனே, அன்னைக்கு நீ கூலி பைசல் பண்ணலன்னா முப்பது குடும்பம் பண்டிகைக்கு என்ன பண்ணிருக்கும், நீ வேணும்னா கவுத்து வச்ச?" இப்படி. ஈத்தன் க்ராஸ்னு ஒரு உளவியலாளர் இதப் பத்தி ஆராய்ச்சி பண்ணிருக்காரு, நான்னு சொல்லாம பேரச் சொல்லி தனக்குத்தானே பேசிக்கிறப்ப பதட்டமான நேரத்துலயும் கொஞ்சம் தள்ளி நின்னு பாக்க முடியுதுன்னு. எனக்கு என்ன புரிஞ்சுதுன்னா, என் கூட்டாளிக்கு இப்படி ஒண்ணு நடந்திருந்தா நான் அவனக் கொலகாரன்னு சொல்லிருக்க மாட்டேன். எனக்கு மட்டும் ஒரு வருஷமா சொல்லிகிட்டு இருந்திருக்கேன்.

எழுத முடியாத அளவுக்கு இருந்தா, பேனாவத் தூக்கவே மனசு வரலன்னா, எழுதலையேன்னு அதையும் ஒரு குத்தமா சேத்துக்காதீங்க, அது நோயோட வேலை, ஒங்க சோம்பேறித்தனம் இல்ல. யாருகிட்டயாவது சொல்லுங்க. சாகலாம்னு ஒரு தடவ தோணினாலும் நோட்டப் பக்கத்துல வச்சுட்டு ஒடனே பேசுங்க, 14416க்கு அடிச்சா டெலிமானஸ்ங்கற மனநல உதவி லைன், அரசாங்கம் நடத்துறது, 24 மணி நேரமும் உண்டு, காசு இல்ல, தமிழ்லயே பேசலாம். வீட்ல யாராவது பக்கத்துல இருக்கச் சொல்லுங்க.

நோட்டு பெருசா வாங்காதீங்க, நான் வாங்கின அந்த பெரிய நோட்டுல பாதி இன்னும் வெறும் பக்கமா கெடக்கு, அதப் பாத்தாலே நெறய எழுதணும்னு ஒரு பயம் வரும். நாப்பது பக்க நோட்டே போதும், இல்லன்னா என்ன மாதிரி பழைய எடைச் சீட்டோட பின்பக்கம், அது உள்ளங்கை அளவுதான், எழுதினா ஆறு வரி, அதுக்கு மேல எடம் இல்ல, நின்னுதான் ஆகணும். நாலு நாள் எழுதினத மட்டும் நான் வச்சுக்கல, கிழிச்சுட்டேன். மத்ததெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவுல இருக்கு. போன வாரம் பொண்ணு அதுல ஒரு சீட்ட எடுத்து, "அப்பா, இதுல என்ன நம்பரு, சாயங்காலம் ஏழுன்னு போட்டிருக்கு?"ன்னு கேட்டா. அன்னைக்கு ஏரியில நீ பறவ எண்ணுனல்ல, அதுன்னேன். அவ பேனா வாங்கி அதுக்குக் கீழயே, "நாப்பத்தி மூணு கொக்கு, நான் எண்ணினது"ன்னு எழுதிட்டா.